சிங்காரத்தின் சட்டை

புரட்டாசி, புதன்கிழமை

சுடர் அப்பாவுக்கு இசைவாணி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை. மற்றதை இதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். உங்கள் இருமல் நின்றதா, மெஸ்ஸில் இன்னும் அதே குழம்புதானா என்பதற்கும் பதில் வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறீர்கள். என் குரல் எலி கத்துவது மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. பிரபு அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். ரூமில் எல்லோரும் இருக்கும்போது கடிதத்தைப் பிரிக்காதீர்கள். ஊறுகாயையும்தான், உங்களுக்கு மிஞ்சாது.

உங்களுக்கு என் மேல் இரண்டு கோபம். சுடர் போனுக்கே வருவதில்லை, நான்தான் தடுக்கிறேன் என்பது ஒன்று. குடும்ப மானத்தை நான் மேடையில் ஏற்றிவிட்டதாக உங்கள் சித்தப்பா இராஜாங்கம் போன் போட்டுச் சொன்னது இன்னொன்று. இரண்டும் ஒரே கதைதான். அவர் சொன்னதை முழுசாகக் கேட்டீர்கள் அல்லவா, நான் சொல்வதையும் ஒருமுறை முழுசாகக் கேளுங்கள்.

அறக்கட்டளைக்காரர்கள் ஆடி மாதத்திலிருந்து நம் பக்கத்து ஊர்களில் பெற்றோர் பயிற்சியும் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டமும் நடத்துகிறார்கள், நம் ஊருக்கு என்னை ஊக்குநராகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது என்ன கேட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பி.எஸ்சி. படிச்சிட்டுப் பொம்மை ஆட்டப் போறியா என்றீர்கள். வேலைக்குப் போன பிறகு நானே அந்தக் கேள்வியை என்னிடம் பலமுறை கேட்டுவிட்டேன் என்பது வேறு.

கூட்டம் என்றால் அது ஒரு கூட்டமா? காலையில் வைத்தால் எல்லோரும் குறுவை அறுப்பில் நிற்கிறார்கள். மாலையில் வைத்தால் சீரியல். ஆண்கள் சமுதாயக் கூடத்து வாசலோடு சரி, அங்கே நின்று பீடி பிடித்துவிட்டுப் போகிறார்கள். பெற்றோர் என்பது பெண்களுக்கு மட்டும் கொடுத்த பட்டம் என்று நினைப்பு. தஞ்சாவூரிலிருந்து வருகிற பிரகதீஸ்வரி மேடம் நல்ல மனுஷிதான், ஆனால் ஆ ஊ என்றால் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். ஒருநாள் அப்படி மூடச் சொல்லி, கடைசியாக எப்போது உங்கள் பிள்ளையைக் கட்டி அணைத்தீர்கள் என்று யோசியுங்கள் என்றார். கூடமே அமைதியாக இருந்தது. கடைசியில் குறட்டைச் சத்தம் கேட்டது. மேலத்தெரு அமிர்தம் அக்கா. விடியற்காலையிலிருந்து களத்தில் நின்ற உடம்பு, கண்ணை மூடச் சொன்னால் தூங்காமல் என்ன செய்யும்? இன்னொரு நாள் பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்று மேடம் உருக்கமாகப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். முன்னால் இருந்த ஒருத்தி, மடியில் நெளிந்துகொண்டிருந்த மகன் முதுகில் ஒன்று வைத்து, மேடம் சொல்றாங்கல்ல, கேளுடா என்றாள். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

பொம்மலாட்டம் மட்டும் ஓடும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. கையில் மாட்டி ஆட்டுகிற பொம்மைகள். காகிதக்கூழில் செய்த தலைகளை அறக்கட்டளையே கொடுத்துவிடும், உடுப்பை நாம் வீட்டில் கிடக்கும் துணியில் தைத்துக்கொள்ள வேண்டும். கதையும் அவர்கள் எழுதியதுதான், என் கற்பனை ஒரு வரிகூட அதில் இல்லை. சிங்காரம் என்று ஒரு அப்பா, சிட்டு என்று ஒரு மகள். சிங்காரத்துக்கு வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். படிச்சியா, எழுதினியா, தொண்ணூறுன்னா மீதிப் பத்து எங்க போச்சு. சிட்டு தோட்டத்தில் ஒரு அணில்குஞ்சைப் பார்த்திருப்பாள். அதை அப்பாவிடம் சொல்ல வருவாள், முடியாது. மாட்டிடம் போய்ச் சொல்வாள், சுவரிடம் சொல்வாள். கடைசியில் சிங்காரத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பேச முடியாத அந்த ஒரு நாளில்தான் மகள் பேசுவது அவன் காதில் விழும். அவ்வளவுதான் கதை.

சிங்காரத்துக்குச் சட்டை தைக்கப் பெட்டியைக் குடைந்தேன். சுடர் காதுகுத்துக்கு நீங்கள் லீவில் வந்தபோது, பங்காளிகள் எல்லோரும் ஒரே மாதிரி சட்டை போட வேண்டும் என்று வாடாமல்லி நிறத்தில் துணி எடுத்துத் தைத்தீர்களே, அதில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. கண்ணைப் பறிக்கிற நிறம், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும் என்று எடுத்தேன். சத்தியமாக வேறு ஒன்றும் நினைக்கவில்லை. இருக்கிற துணியையெல்லாம் விட்டுவிட்டு ஒரு முட்டாள் இதை எடுப்பாளா என்று கேட்காதீர்கள். எடுத்தாள். அவள் பெயர் இசைவாணி.

ஆட்டத்தன்று நடந்ததைக் கேளுங்கள். எந்தக் கூட்டத்துக்கும் வராத மாமா, மருமகள் நடத்துகிறாள் என்று அன்றைக்குக் குளித்து, பவுடர் போட்டு, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கூடத்துக்குள் இருந்த ஒரே ஆம்பிளை உங்கள் அப்பாதான். விசேஷம் என்றால் அவர் எந்தச் சட்டையைப் போடுவார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாடாமல்லிச் சட்டையில் அவர் வந்ததை நான் பார்க்கவே இல்லை. திரைக்குப் பின்னால் மண்டியிட்டுக் கையைத் தூக்கி வைத்திருந்தேன். சிங்காரம் தலையை நீட்டியதும் கூடத்தில் ஒரு சிரிப்பு. ஏய், இது நம்ம அரசப்பன் வீட்டுச் சட்டைடி என்று மாமா பெயரைச் சொல்லி ஒரு குரல். அது என் காதில் விழவில்லை, சிரிப்பு மட்டும்தான் விழுந்தது. என் நடிப்புக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினேன். மீதிப் பத்து எங்கடி, மீதிப் பத்து எங்க என்று. சனங்கள் பொம்மையைப் பார்ப்பதும் மாமாவைப் பார்ப்பதுமாக விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். பெருமையாக வந்த மனுஷன்.

இதுவரை உங்கள் சித்தப்பா சொல்லியிருப்பார். அவர் சொல்லாதது இனிமேல்தான்.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பொம்மையோடு பேசலாம். பொம்மை பதில் பேசக் கூடாது, தலையை மட்டும் ஆட்டலாம். பெரியவர்களும் வாயைத் திறக்கக் கூடாது. மேடம் வகுத்த விதிகளில் உருப்படியானது அது ஒன்றுதான். நாலைந்து பிள்ளைகள் வந்து சிட்டுவிடம் பேசிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தது நம் சுடர். அவள் சிட்டு பக்கமே திரும்பவில்லை, நேராகச் சிங்காரத்திடம் வந்தாள். அப்பா என்றுதான் ஆரம்பித்தாள்.

அப்பா, நீங்க போன்ல வந்தா எனக்கு ஒண்ணுக்கு வருது என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நீங்க கேக்குறதுக்குள்ள எனக்குப் பதில் மறந்துபோயிடுதுப்பா. எனக்குச் சைக்கிள் விட வந்துடுச்சு. வாய்க்கால் வரைக்கும் நானே போறேன். அதச் சொல்லலாம்னு வந்தேன், நீங்க ஏழாம் வாய்ப்பாடு கேட்டீங்க. அதுக்கப்பறம் அம்மா போன வாங்கிட்டாங்க என்றாள். இதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கையை நீட்டிச் சிங்காரத்தின் காலரைச் சரிசெய்தாள். உள்ளே இருந்தது என் விரல். இப்படியே வாய மூடிக்கிட்டு இருங்கப்பா, நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் தலையை ஆட்டினேன். சிங்காரத்தின் தலையைச் சொல்கிறேன். உங்களுக்குப் பதிலாக அந்த ஒரு தலையாட்டலை நான்தான் செய்தேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான். கை வலித்ததா, மனசு வலித்ததா என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் அழுதேன். உங்கள் மேல் அவ்வளவு ஆத்திரமும் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பொம்மைப் பெட்டி நம் வீட்டில்தான் இருக்கிறது. அன்று சாயங்காலமே சிங்காரத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அணில், சைக்கிள், டீச்சர் கட்டியிருந்த புடவை, பிரபு அண்ணன் மகன் பென்சிலைக் கடித்தது, எல்லாக் கதையும் அவனிடம்தான். நீங்கள் கூப்பிட்டீர்கள். அப்பா இங்கதான இருக்காங்க என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். டியூஷன் போயிருக்கிறாள் என்று உங்களிடம் சொன்னேன். அடுத்த நாள் தூங்கிவிட்டாள் என்றேன். அதற்கடுத்த நாள் டவர் இல்லை என்றேன். பொய் சொல்லத்தான் செய்தேன். உங்கள் மகள் ஒரு துணிப் பொம்மையை அப்பா என்கிறாள் என்று போனில் எப்படிச் சொல்வது? அதற்கும் நீங்கள் ஏழாம் வாய்ப்பாடு கேட்டால்?

அது வெறும் பொம்மைடா தங்கம், அம்மா கைதான் உள்ளே இருக்கிறது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். கை உன்னோடதும்மா, எனக்குத் தெரியும், சட்டை அப்பாவோடது என்றாள். இவளையா கணக்கில் வீக் என்கிறீர்கள்?

மாமா அன்றிலிருந்து வீட்டில் தங்கவில்லை. நம் நெல் கொள்முதல் நிலையத்தில் முறைக்காகக் காத்துக் கிடக்கிறது. மழை மேகமாக இருக்கிறது, தார்ப்பாய் போட ஆள் வேண்டும் என்று அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டார். நெல்லுக்குக் காவல் என்பது சாக்கு என்று ஊருக்கே தெரியும். நான் சோறு கொண்டுபோனால் தூக்குவாளியைத் தொடவில்லை. சுடர் கொண்டுபோனால் சாப்பிட்டார். அத்தை உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரு அதட்டலில் சரிசெய்திருப்பார்கள்.

பிறகு உங்கள் சித்தப்பா இரண்டு பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். காதுகுத்து போட்டோவில் அந்தச் சட்டையோடு நிற்கிற ஒவ்வொருவரையும் ஊரில் சிங்காரம் என்று கூப்பிடுகிறார்களாம். டீக்கடையில் அவரைப் பார்த்து மீதிப் பத்து எங்கே என்று கேட்டானாம் ஒருவன். பொம்மைக்குச் சட்டை மாத்தலன்னா நடக்கறதே வேற, பரிதிக்குப் போன் போட்டுச் சொல்லிடுவேன் என்றார். சரி என்று மேடத்திடம் கேட்டால், ஐயையோ, மாத்தாதீங்க இசைவாணி, எந்த ஊர்லயும் இவ்வளவு ரெஸ்பான்ஸ் வந்ததில்ல, அடுத்த கூட்டத்துல வீடியோவே எடுக்கலாம்னு இருக்கோம் என்கிறார். அவருக்குச் சட்டையைக் கழற்ற வேண்டும், இவருக்குக் கழற்றக் கூடாது. நடுவில் நான் ஒருத்தி சமைத்து, துணி துவைத்து, நெல்லுக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன். சிங்காரத்துக்கு இருக்கிற மரியாதையில் கால்வாசி எனக்குக் கிடையாது.

கடைசியில் மாமாவை நினைத்துத்தான் தையலைப் பிரித்தேன். மேடம் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். பழைய பழுப்புக் கட்டம் போட்ட துணியில் வேறு சட்டை தைத்துப் போட்டேன். அன்றைக்கே மாமா வீட்டுக்கு வந்து, குளித்து, என் கையால் சாப்பிட்டார். அப்பாடா என்று இருந்தேன்.

சுடர் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். யாரோ இது என்று சொல்லிவிட்டுச் சிங்காரத்தைப் படுக்க வைத்து மூடியைப் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். பழைய சட்டையைக் கையில் கொடுத்து, திரும்பப் போட்டுவிடுகிறேன் தங்கம் என்று கெஞ்சினேன். வேணாம்மா, ஒரு தடவ கழட்டியாச்சுல்ல என்றாள்.

அதிலிருந்து பெட்டியைத் தொடுவதில்லை. சாப்பிடும்போது பேசுவதில்லை. சாயங்காலம் உங்கள் போன் அடிக்கும் நேரத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விடுகிறாள். அடித்து ஓய்ந்த பிறகுதான் வருகிறாள். வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடுகிறது. மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நடக்கிறார். முழங்கால் வலியோடு அந்தச் சைக்கிளை எட்டிப் பிடிக்க முடியுமா, ஆனாலும் போகிறார். நேற்றைக்குத் திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவர், நான் கேட்காமலே பேசினார். பரிதியும் சின்னதுல இப்படித்தாம்மா, நா வர்ற சத்தம் கேட்டா கொல்லப்பக்கமா ஓடிடுவான். நாமதான் வயக்காட்டுல கெடந்தோம், இவனாவது சட்டை கசங்காம வேலை பாக்கட்டும்னு நெனச்சேன். பயம் இருந்தாதான் படிப்பு வரும்னு நெனச்சேன். வந்துச்சு என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

ஊரில் ஆளாளுக்கு அந்தப் பொம்மை தன்னைத்தான் சொல்கிறது என்கிறார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், சித்தப்பாவும் அப்படித்தான். அதைப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் மஸ்கட்டில் இருக்கிறார்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை. சைட்டில் ஹெல்மெட் போட்டிருக்கிறானா, பெல்ட் மாட்டியிருக்கிறானா என்று கேட்டுக் கேட்டு ஆட்களைக் காப்பாற்றுவது உங்கள் வேலை. அதே வாயோடுதான் வீட்டுக்கும் பேசுகிறீர்கள். அவள் தவழும்போது விமானம் ஏறினீர்கள். அங்கிருந்து அவளிடம் வேறு என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை. மார்க் ஒன்றுதான் தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரிகிறது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் எரிச்சல் வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. மார்க் என்ன என்று நான் எழுதப்போவதில்லை. வேண்டுமென்றேதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு, இவளுக்கும் காலாண்டு லீவு, பள்ளிக்கூடம் கிடையாது. காலையிலேயே வீடியோவில் வாருங்கள். நான் போனை நம் வீட்டுக் கூடத்து ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். நான் அவளைக் கூப்பிட மாட்டேன். நீங்களும் கூப்பிடாதீர்கள். அங்கே உங்கள் பாட்டுக்குத் துணி மடியுங்கள், காய் நறுக்குங்கள், டீ குடியுங்கள். அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடப்பாள். பார்க்காத மாதிரி பார்ப்பாள். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வரவில்லை என்றால் அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே உட்காருங்கள். அந்தப் பொம்மை இருந்த இடம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. அது வெகுநாள் காலியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் அவளுக்கு அப்படி ஒரு இடமே வேண்டாம் என்று பழகிவிடும். எனக்கு அதுதான் பயம்.

அவள் வந்து பேசினால் நடுவில் ஒன்றும் கேட்காதீர்கள். தலையை மட்டும் ஆட்டுங்கள். அவள் எவ்வளவு நேரம் பேசினாலும் சரி.

அவள் பேசி முடித்த பிறகு, போனை அம்மாவிடம் கொடு என்று சொல்லுங்கள். வழக்கமாகக் கேஸ் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா, நெல் எடுத்தார்களா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் வரிசையாகப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல வந்தது ஞாபகத்துக்கு வரும். பல வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் என்னிடமும் ஒன்றும் கேட்காமல் இருங்கள்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள். உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

கோபம் இன்னும் தீராத,
உங்கள் இசைவாணி